கிட்டு மண் தேடுகிறாள்

கேள்வி: டாக்டர், நாங்கள் மிசிசாகாவில் இருக்கிறோம். போன ஜூன் மாதம் மகளின் பிறந்தநாளுக்கு வெயில்ட் கமீலியன் என்ற பச்சோந்தி ஒன்று வாங்கிக் கொடுத்தோம். அப்போது மூன்று மாதக் குட்டி. ஆண் என்று சொல்லித்தான் கடையில் கொடுத்தார்கள். கிட்டு என்று பெயர் வைத்தோம். ஐந்து நாளாகச் சரியாகச் சாப்பிடுவதில்லை, தண்ணீர் மட்டும் குடிக்கிறது. எப்போதும் கிளையிலேயே இருக்கும். இப்போது கூண்டின் அடியில் இறங்கி மூலைமூலையாகப் பிறாண்டுகிறது. உடம்பு கரும்பச்சையாகி, மஞ்சளும் நீலமுமாகப் புள்ளிகள் வந்திருக்கின்றன. வயிற்றின் இரண்டு பக்கமும் புளியங்கொட்டை போட்ட சுருக்குப்பை மாதிரி மேடுமேடாகத் தெரிகிறது. இணையத்தில் தேடினால் ‘முட்டை அடைப்பு, செத்துவிடும்’ என்கிறார்கள். ஒருவர் வயிற்றில் விளக்கெண்ணெய் தடவி நீவிவிடச் சொல்கிறார். ஆணே இல்லாமல் முட்டை எப்படி வரும் என்று மாமியார் கேட்கிறார். தினமும் பன்னிரண்டு, பதினைந்து கிரிக்கெட் பூச்சி, வயிறு நிறையத்தான் போடுகிறோம். நாங்கள் என்ன தவறு செய்தோம்?

– ஒரு வாசகி, ஒன்டாரியோ

பதில்: உங்கள் கடிதம் வந்த அன்று மாலையே இரண்டு வரியில் பதில் அனுப்பிவிட்டேன். ‘இன்றே மணல் தொட்டி வையுங்கள். பகலில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தால் டாக்டரிடம் ஓடுங்கள்.’ ஏன், எப்படி என்பதை இங்கே சாவகாசமாகச் சொல்கிறேன்; இதே நிலையில் தவிக்கும் வேறு சிலருக்கும் பயன்படும்.

முதலில் மாமியாரின் கேள்வி. அவர் ஊரில் கோழி வளர்த்தவராக இருந்தால் பதில் அவருக்கே தெரியும். சேவல் இல்லாத வீட்டிலும் பெட்டை முட்டையிடும். அடைகாத்தால் குஞ்சு வராது, கூமுட்டைதான். வெயில்ட் கமீலியன், அதாவது ஏமனிலும் அதை ஒட்டிய தென்மேற்குச் சவுதியிலும் வாழும் பச்சோந்தி, இந்த விஷயத்தில் கோழியின் கட்சி. ஐந்தாறு மாதத்திலேயே பருவத்துக்கு வந்துவிடும். ஆணைக் கண்ணால் காணாமலே முட்டை கட்டும். ஆண்டுக்கு இரண்டு, மூன்று முறைகூட இடும்.

ஆண் என்று விற்றார்களே என்றால், இந்த இனத்தில் ஆணைக் கண்டுபிடிப்பது பெரிய வித்தை இல்லை. பின்னங்காலின் பின்பக்கம், மனிதனுக்குக் குதிகால் இருக்கும் இடத்தில், ஆண் குஞ்சுக்குப் பிறக்கும்போதே ஒரு சின்னக் குமிழ் துருத்திக்கொண்டிருக்கும். பெண்ணுக்கு அந்த இடம் வழுவழுவென்று இருக்கும். இன்றைக்குப் பாருங்கள், கிட்டுவுக்குக் குமிழ் இருக்காது. பெயரை மாற்ற வேண்டாம். எங்கள் ஊரில் கிருஷ்ணவேணி அத்தையை எல்லோரும் கிட்டு என்றுதான் கூப்பிடுவார்கள்.

இப்போது உங்கள் பயத்துக்கு வருகிறேன். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் கிட்டுவுக்கு இன்னும் முட்டை அடைப்பு வரவில்லை. முட்டை இருக்கிறது, இடுவதற்கு இடம் தேடுகிறாள். கரும்பச்சை மேல் மஞ்சள், நீலப் புள்ளி என்பது சூல் கொண்ட நிறம். முட்டையிடும் முன் ஒரு வாரம் போலச் சாப்பாட்டைக் குறைப்பதும், தண்ணீர் மட்டும் குடிப்பதும், மரத்தை விட்டு இறங்கி அலைவதும் இயல்பு. வயிற்றில் முட்டை நிறைந்தபின் இரைப்பைக்கு இடம் எங்கே? ஆனால் உங்கள் கூண்டின் அடியில் என்ன இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. பெரும்பாலான வீடுகளில் இருப்பது வெறும் பிளாஸ்டிக் தட்டுதான். அவள் பிறாண்டுவது அந்தத் தட்டைத்தான்.

சின்ன வயதில் எங்கள் தோட்டத்து வேலியோரம் நம் நாட்டுப் பச்சோந்தி ஒன்று குழி பறிப்பதைப் பார்த்திருக்கிறேன். மழை பெய்து செம்மண் இளகியிருந்த காலை. கைகளை இடுக்கி மாதிரி வைத்திருக்கிற பிராணி அது. கிளையைப் பிடிக்கத்தான் அந்தக் கை, மண் வெட்ட அல்ல. இருந்தாலும் முன்னங்கையால் தோண்டி, பின்னங்காலால் தள்ளி, கொஞ்ச நேரத்தில் வால் மட்டும் வெளியே தெரிந்தது. நான் கிட்டே போனதும் தலையை வெளியே நீட்டி ஒரு கண்ணால் என்னைப் பார்த்தது. அவ்வளவுதான், குழியை அப்படியே விட்டுவிட்டு வேலியில் ஏறிவிட்டது. முட்டையிடப் போகும் பச்சோந்தியை யாராவது பார்த்துவிட்டால் அது வேலையை நிறுத்திவிடும் என்று அன்று எனக்குத் தெரியாது. பிற்பாடு டாக்டராகி, கூண்டோடு வந்து நிற்கும் வீட்டுக்காரர்களிடம் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். என்னிடம் வரும் முட்டை அடைப்புகளில் பாதிக்கு மேல் கூண்டில் உண்டாகி, பிறகு உடம்புக்குள் போன வியாதிகள்.

ஆகவே தொட்டி. ஒரு அடி நீளம், ஒரு அடி அகலம், ஒரு அடி ஆழம், இதற்குக் குறையாத பிளாஸ்டிக் டப்பா. உள்ளே பார்வை போகாத நிறமாக இருந்தால் நல்லது. குழந்தைகள் விளையாடும் மணல் என்று ஹார்டுவேர் கடையில் மூட்டையாக விற்பார்கள், அதை நன்றாக அலசி, முக்கால் அடிக்கு மேல் நிரப்புங்கள். பிப்ரவரியில் அந்த மூட்டை வெளியே கிடந்து பாறையாக உறைந்திருக்கும். வீட்டுக்குள் கொண்டுவந்து ஒரு ராத்திரி வைத்து, அறைச் சூட்டுக்கு வந்தபின் போடுங்கள். குளிர்ந்த மண்ணில் அவள் கை வைக்க மாட்டாள். ஈரம் எவ்வளவு என்று கேட்பீர்கள். புட்டுக்கு மாவு பிசிறுவீர்கள் அல்லவா, கையில் பிடித்தால் பிடி நிற்க வேண்டும். அந்தப் பதத்துக்கு மேல் இன்னும் கொஞ்சம் ஈரம். இரண்டு விரலை விட்டுத் தரைவரை ஒரு சுரங்கம் போட்டுப் பாருங்கள். சரியாமல் நின்றால் சரி. பிழிந்தால் தண்ணீர் சொட்டினால் அதிகம். அந்தச் சுரங்கத்தை மூட வேண்டாம். சில பச்சோந்திகளுக்கு யாரோ தொடங்கிவைத்த குழி பிடிக்கும்.

தொட்டியைக் கூண்டுக்குள் வைத்து, ஏறி இறங்க ஒரு கிளையைச் சாய்த்துவிட்டு, கூண்டின் மூன்று பக்கத்தையும் பெட்ஷீட்டால் மூடுங்கள். மகளுக்குக் கட்டாயம் பார்க்க வேண்டும் என்றால் பழைய செல்போனைக் கேமராவாக உள்ளே ஒட்டிவைத்து, அடுத்த அறையிலிருந்து பார்க்கட்டும். ஒரு நாள் சோதனைக்குத் தோண்டிவிட்டு மறுநாள் வேறு மூலையில் தோண்டலாம். உள்ளே போனவள் ராத்திரி முழுக்க வெளியே வராமலும் இருக்கலாம். எட்டிப் பார்க்காதீர்கள். முட்டையிட்டு முடித்ததும் குழியை மூடி, பின்னங்காலால் மண்ணை மிதித்து மிதித்துக் கெட்டிப்படுத்துவாள். அங்கே எதுவுமே நடக்காதது போல் ஆக்கிவிட்டுத்தான் மேலே ஏறுவாள். தலைக் கொண்டையில் மணல், விலா எலும்பு தெரிய ஒட்டிய வயிறு, பழைய வெளிர்பச்சை. அந்தக் கோலத்தைப் பார்த்தால் நீங்கள் மூச்சு விடலாம்.

எப்போது காத்திருக்கக் கூடாது? இதை மட்டும் கவனமாகப் படியுங்கள். பச்சோந்தி நோயை மறைக்கும் பிராணி. காட்டில் பலவீனத்தைக் காட்டினால் பருந்துக்கு இரை. அதனால் வெளியே தெரியும்போது உள்ளே பாதி முடிந்திருக்கும். பகல் வெளிச்சத்தில் கண்ணை மூடினாலே அபாயம். ஒரே நிமிடம் என்றாலும் சரி, அது தூக்கம் இல்லை. கிளையை இறுகப் பிடிக்க முடியாமல் நழுவுவது, தரையிலேயே கிடப்பது, வாயைத் திறந்தபடி மூச்சு வாங்குவது, முக்கி முக்கி ஒன்றும் வராமல் இருப்பது, நாலைந்து முட்டை இட்டுவிட்டு வயிறு இன்னும் நிறைந்தபடியே நின்றுவிடுவது, குழியில் இடாமல் கிளையிலிருந்தே முட்டையைக் கீழே போடுவது – இதில் எது நடந்தாலும் அன்றைக்கே டாக்டர். நல்ல மணல் இருந்தும் இரண்டு, மூன்று நாள் தோண்டித் தோண்டி விட்டுவிட்டு வரவரச் சோர்ந்தாலும் அப்படித்தான்.

சில வருடத்துக்கு முன் ஒருவர் தன் பச்சோந்தியைச் செருப்பு டப்பாவில் வைத்துக்கொண்டு வந்தார். ‘ஐந்து நாளாக ரொம்பச் சாதுவாகிவிட்டது டாக்டர், கையில் எடுத்தால்கூடச் சீறுவதில்லை’ என்று சந்தோஷமாகவே சொன்னார். சீறுவதற்கு அதற்குத் தெம்பு இல்லை. கண் குழிவிழுந்து, எச்சத்தில் வெள்ளையாக இருக்க வேண்டிய யூரேட், அதாவது சிறுநீர்க் கழிவு, ஆரஞ்சு நிறத்தில் காய்ந்திருந்தது. எக்ஸ்ரேயில் நாற்பதுக்கு மேல் முட்டை. சொட்டு மருந்து ஏற்றி, சூடேற்றி, மறுநாள் ஆபரேஷனுக்குத் தயார் செய்தோம். அந்த இரவைத் தாண்டவில்லை. அவர் அழுததைவிட, ‘சாதுவாகிவிட்டது’ என்று அவர் சொன்ன சொல்தான் எனக்கு இன்றும் ஞாபகம் இருக்கிறது.

முட்டை ஏன் அடைத்துக்கொள்கிறது? ஒரு சாரார் உடம்பில் வழியே அடைபட்டவர்கள். முட்டை பெரிதாகவோ கோணலாகவோ இரண்டு ஒட்டியோ இருக்கலாம்; அல்லது குட்டியில் சுண்ணாம்புச் சத்து இல்லாமல் இடுப்பெலும்பு வளைந்து வழி குறுகியிருக்கலாம். இன்னொரு சாராருக்கு வழி திறந்துதான் இருக்கும், தள்ள வலு இருக்காது, அல்லது இட இடம் இருக்காது. வீட்டுப் பச்சோந்திகளில் இவர்களே அதிகம். முட்டை ஓட்டுக்கும் கால்சியம் வேண்டும். கர்ப்பப்பை தசை சுருங்கி முட்டையை வெளியே தள்ளவும் கால்சியம் வேண்டும். சாப்பாட்டில் வராவிட்டால் எலும்பிலிருந்து உருவும், அதுவும் தீர்ந்தால் தசை கைவிட்டுவிடும். நடக்கும்போது முழங்கை வளைவதும், தாடை ரப்பர் மாதிரி மெத்தென்று ஆவதும் இதன் முன்னறிவிப்பு.

கால்சியம் பொடி தூவுகிறோமே என்பீர்கள். தூவினால் போதாது, அதை உடம்பு இழுத்துக்கொள்ள வைட்டமின் டி3 வேண்டும். அதைத் தோலில் உண்டாக்க வெயிலில் இருக்கும் யூவிபி என்ற புற ஊதாக் கதிர் வேண்டும். ஜன்னலோரம் வைத்தால் வெயில் படும் என்ற நம்பிக்கை வேண்டாம், கண்ணாடி அந்தக் கதிரை வடிகட்டிவிடும். சுருள் பல்பு மாட்டியிருந்தால் கழற்றிவிட்டு, நீள டியூபாக வரும் டி5 யூவிபி விளக்கு மாட்டுங்கள். வெளிச்சம் இருந்துகொண்டே இருக்கும், கதிர் மட்டும் தேய்ந்துபோகும். ஆகவே வருடத்துக்கு ஒரு முறையாவது மாற்ற வேண்டும். பாஸ்பரஸும் டி3-யும் கலக்காத வெறும் கால்சியம் ஏறக்குறைய எல்லா வேளையும். டி3 கலந்த விட்டமின் பொடி இரண்டு வாரத்துக்கு ஒரு முறை. அது கூடினாலும் கெடுதல்.

நம் வீடுகளுக்கு இன்னொரு பகை, வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ். ஒன்டாரியோ குளிர்காலத்தில் வீட்டுக் காற்று அப்பளம் காயவைக்கும் அளவுக்கு வறண்டு கிடக்கிறது. நீர் வற்றிய உடம்பில் முட்டை வழுக்காது. காலையிலும் மாலையிலும் இலைகள் சொட்டச் சொட்டத் தண்ணீர் தெளியுங்கள். கிண்ணத்துத் தண்ணீர் அவள் கண்ணுக்குத் தண்ணீராகவே தெரியாது. சொட்டுவதும் இலையில் உருள்வதும்தான் தெரியும்.

விளக்கெண்ணெய்க்கு வருகிறேன். வேண்டவே வேண்டாம். முட்டையின் ஓடு கோழிமுட்டை மாதிரி கெட்டி இல்லை, தோல் மாதிரி. நீவினால் உள்ளேயே கிழியும். மஞ்சள் கரு வயிற்றுக்குள் கொட்டினால் அழற்சி வந்து உயிரைக் குடித்துவிடும். வெந்நீரில் முக்கி வைக்கவும் சொல்லியிருப்பார்கள். மரத்திலேயே வாழ்கிற பிராணியைத் தண்ணீரில் இறக்குவது பயத்தில் பாதி கொல்வது. சோர்ந்த தலை தண்ணீரில் சாய்ந்தால் மீதியும் முடிந்தது. முட்டை வெளியே வரும் துளையில் தெரிகிறதே என்று இடுக்கியால் இழுப்பவர்களும் உண்டு. அவர்களிடம் எனக்குப் பொறுமை இல்லை.

டாக்டரிடம் போனால் என்ன நடக்கும் என்று தெரிந்திருந்தால் பயம் குறையும். சூடு, நீர்ச்சத்து, பிறகு எக்ஸ்ரேயும் ஸ்கேனும். இந்தப் படங்களில் நாங்கள் தேடும் முதல் விஷயம் முட்டையின் வடிவம். நீள்வட்டமாக, ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தால் ஓடு கட்டிய முட்டை. உருண்டையாக, திராட்சைக் குலை மாதிரி தெரிந்தால் அது முட்டையே இல்லை, சூற்பையில் தேங்கிய கருவுருண்டைகள். ஒன்று அவை சூற்பையை விட்டு வெளியேறி ஓடு கட்ட வேண்டும், அல்லது உடம்பு அவற்றைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ள வேண்டும். இரண்டும் நடக்காமல் நின்றுவிடும்போது அந்தப் பெண் பெரும்பாலும் மண்ணைத் தேடக்கூட மாட்டாள். சும்மா இளைத்துக்கொண்டே போவாள். எத்தனை தொட்டி மணல் வைத்தும் பயனில்லை, ஆபரேஷன் செய்து சூற்பையை எடுக்க வேண்டியதுதான்.

முட்டைதான், வழியும் திறந்திருக்கிறது என்றால் முதலில் கால்சியம் ஊசி, அதன்பின் ஆக்சிடோசின். நம் பெண்களுக்குப் பிரசவ அறையில் போடும் அதே மருந்துதான். கோழிக்கும் பல்லிக்கும் உடம்பில் இயற்கையாகச் சுரப்பது வாசோடோசின். அதுதான் இவற்றுக்கு நன்றாக வேலை செய்யும், ஆனால் மருந்தாகக் கைக்குக் கிடைப்பது அரிது. வழி அடைபட்டிருக்கும்போது ஆக்சிடோசின் போட்டால் கர்ப்பப்பை கிழியலாம். எனவே படம் எடுக்காமல் ஊசி போட முன்வரும் டாக்டரிடம் ‘முதலில் எக்ஸ்ரே எடுக்கலாமா’ என்று கேளுங்கள். கேட்க வெட்கப்படாதீர்கள், நாய் பூனை மட்டும் பார்த்துப் பழகியவராக இருக்கலாம். மருந்துக்கு அசையவில்லை என்றால் மயக்கம் கொடுத்து, வயிற்றைத் திறந்து, முட்டைக் குழாயையும் சூற்பையையும் எடுத்துவிடுவோம். பிழைத்தால் அவளுக்கு இனி இந்தத் தொல்லை இல்லை. செலவு ஆயிரம் டாலரைத் தாண்டலாம். தெம்பு இருக்கும்போதே செய்தால் தேறும் வாய்ப்பு அதிகம்.

ஊர்வன பார்க்கும் டாக்டர் பக்கத்தில் யார் என்று இன்றே தேடி எண்ணை எழுதிவையுங்கள்; ஞாயிறு ராத்திரி தேடாதீர்கள். ஏ.ஆர்.ஏ.வி. என்ற ஊர்வன மருத்துவர்கள் சங்கத்தின் தளத்தில் ஊர்வாரியாகப் பட்டியல் இருக்கிறது. குவெல்ஃபில் உள்ள ஒன்டாரியோ கால்நடைக் கல்லூரி மருத்துவமனையிலும் இதற்கான பிரிவு உண்டு. கூட்டிப் போகும்போது காரை முதலில் சூடாக்கிவிட்டு, மூடிய டப்பாவில் பிடித்துக்கொள்ள ஒரு குச்சி வைத்து, துண்டில் சுற்றிய வெந்நீர் பாட்டிலைப் பக்கத்தில் வையுங்கள்.

கடைசியாக உங்கள் கடைசிக் கேள்வி. தவறு அன்பில்தான். நம் வீட்டில் அன்பு என்றால் சோறு. இன்னும் ஒரு கரண்டி போடாமல் யாரையும் எழவிட மாட்டோம். ஏமனின் மலைப் பள்ளத்தாக்கில் மழை பெய்து பூச்சி பெருகும் காலம்தான் குஞ்சு வளர ஏற்ற காலம் என்று அந்த உடம்புக்குத் தெரியும். நிறைந்த தட்டும் கொதிக்கும் விளக்கும் மிசிசாகாவில் அவளுக்கு வருடம் முழுக்க மழைக்காலம். தினம் பதினைந்து பூச்சி தின்கிற பெண்ணுக்கு அறுபது, எண்பது முட்டைகூட வரும். அளவாகத் தின்கிறவளுக்கு இருபது, சில நேரம் ஒன்றுமே இருக்காது. முட்டையிட்ட பின் ஒரு வாரம், பத்து நாள் தாராளமாகப் போடுங்கள், இழந்ததை மீட்க வேண்டும். பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள், நான்கைந்து பூச்சி போதும். வெயில் காயும் கிளையில் வெப்பம் 27 முதல் 29 டிகிரி செல்சியஸ், அதற்கு மேல் வேண்டாம். மாமியார் ‘பட்டினி போடுகிறாயா’ என்று கேட்பார். ஒவ்வொரு முறை முட்டையிடுவதும் அவள் ஆயுளிலிருந்து கொஞ்சத்தை எடுத்துக்கொண்டு போகிறது என்று சொல்லுங்கள். பல பெண்கள் இரண்டு, மூன்று வயதிலேயே போய்விடுகிறார்கள். அளவோடு வளர்த்தால் ஐந்து வயதைத் தாண்டுவதைப் பார்த்திருக்கிறேன்.

இந்தியாவில் இருந்து இதைப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: நம் வேலிப் பச்சோந்தியைப் பிடித்து வளர்ப்பது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வெளிநாட்டுப் பச்சோந்தி வைத்திருப்பவர்களும் 2022 திருத்தத்துக்குப் பின் பதிவு செய்ய வேண்டும். குழி பறிக்கும் பச்சோந்தியைச் சாலையோரம் பார்த்தால் சத்தமில்லாமல் விலகிப் போங்கள். நான் செய்த தப்பைச் செய்யாதீர்கள்.

கிட்டு மேலே ஏறியதும் முதலில் நீண்ட நேரம் தண்ணீர் தெளியுங்கள், குடிக்கக் குடிக்கக் குடிப்பாள். சமையலறைத் தராசில் கிராம் கணக்கில் எடை பாருங்கள். முட்டையிட்ட பின் எடையில் மூன்றில் ஒரு பங்கு காணாமல் போவதும் உண்டு, பதற வேண்டாம். மறுநாள் மணலை ஸ்பூனால் கிளறி முட்டைகளை எடுத்து எண்ணி, தேதியோடு குறித்துவையுங்கள். மூன்று மாதக் குட்டியாக வந்தவள், ஆணோடு இருந்ததே இல்லை, ஆகவே குஞ்சு வராது; மகள் ஒன்றிரண்டை வைத்துக்கொள்ள ஆசைப்பட்டால் பூஞ்சை பிடித்து நாறும் என்று சொல்லிவிடுங்கள். எண்ணிய பிறகும் தொட்டுப் பார்த்தால் வயிற்றில் உருண்டை தட்டுப்பட்டால், அவள் எவ்வளவு தெம்பாக இருந்தாலும் அந்த வாரமே ஒரு எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள்.